சிரித்த ஆட்டுக்குக் கூலி

கையெழுத்துப் போட்டே ஊர் முழுக்கப் பகை சம்பாதித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சுங்குவார்சத்திரத்தில் இருந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை, சுவருக்கு விளம்பரம், லாரிக்கு நம்பர் என்று எழுதிப் பிழைத்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஆர்ட்ஸ். நான் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறவன், அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். மற்ற நாட்களில் இரண்டு பேரும் ஒரே டீக்கடைக்குப் போகிறவர்கள்.

மற்ற ஊர் பெயின்டர்கள் படம் முடிந்ததும் மூலையில் தங்கள் பெயரைப் போடுவார்கள். ஆர்ட்ஸ் பெயரே போடமாட்டார். இரண்டு சொற்களில் ஒன்றைப் போடுவார். வரைந்தது மனசுக்குப் பட்டால் ‘கலை’. படாவிட்டால் ‘கூலி’.

அடகுக்கடைக்காரர் ஆளுயரத்துக்கு மகாலட்சுமி கேட்டார். ஆர்ட்ஸும், கையிலிருந்து காசு கொட்டக் கல்யாண ரிசப்ஷனில் நிற்பதைப் போல ஒரு லட்சுமியை வரைந்து, மூலையில் ‘கூலி’ என்று எழுதிவிட்டுப் போனார். கடைக்காரர் டீக்கடை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார்.

“யோவ், மகாலட்சுமிக்குக் கீழ கூலின்னு எழுதிக்கீறியே, எவன்யா உள்ள வருவான்?”

“லட்சுமிக்கு எழுதலண்ணா. எனக்கு எழுதிகினேன்.”

அதே வாரம் பஸ் ஸ்டாப் கழிப்பறையில் ‘ஆண்கள்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு முகம் வரைந்தார். அந்த முகத்தில் இருந்த தவிப்பைப் பார்த்தால் சும்மா போகிறவனுக்கும் உள்ளே போகத் தோன்றும். அதற்குக் கீழே ‘கலை’. அடகுக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் ஆர்ட்ஸோடு பேசவில்லை. அந்தக் கழிப்பறைக்கும் போகவில்லை.

பெரிய சண்டை கறிக்கடை மாணிக்கத்தோடுதான். மாணிக்கம் தன் கடைச் சுவரில் ஓர் ஆடு கேட்டார். ஆர்ட்ஸ் வரைந்த ஆடு மற்ற கறிக்கடைப் பலகைகளில் இருக்கிற ஆடு மாதிரி இல்லை. பக்கத்து வீட்டில் கட்டியிருக்கிற ஆடு, கட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று யோசிப்பதைப் போல இருந்தது. அரைக்கிலோ கேட்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னிக்குக் கத்திரிக்காயே வாங்கிகினு போறோம்” என்று நகர்ந்தார்கள். மூலையில் ‘கலை’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

“இன்னாய்யா ஆடு இது, என்னியே பாத்துகினு கீது” என்றார் மாணிக்கம்.

“கத்தி உன் கையிலதான கீது. வேற யாரப் பாக்கும்?”

“அத்தெல்லாம் தெரியாது. சிரிக்க வையி.”

“அது எதுக்குய்யா சிரிக்கணும்?”

“யாவாரம் நடக்கணும்யா.”

ஆர்ட்ஸ் ஏணி போட்டு ஏறினார். ஆட்டுக்கு இரண்டு வரிசைப் பல் வைத்தார். கண்ணுக்கு மை, கழுத்துக்கு மணி. ‘கலை’யை அழித்து ‘கூலி’ எழுதிவிட்டு இறங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசை நின்றது. ஆடும் சந்தோஷமாக எல்லாரையும் கூப்பிட்டது.

கலை என்றால் என்ன, கூலி என்றால் என்ன என்று டீ மாஸ்டர்தான் நேராகக் கேட்டார். ஆர்ட்ஸ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அழுன்னு சொல்லும், அழுவணும். சிரின்னு சொல்லும், சிரிக்கணும். எல்லாத்தையும் படமே சொல்லிடும், உனக்கு வேலையே வெக்காது. அது கூலி. கலை வாய மூடிகினு இருக்கும். நீதான் அதும் முன்னாடி நின்னுகினு ஏதாவது பேசுவே.”

“அப்ப என் டீ?”

“காலையில போடறது கலை. சாயங்காலம் போடறது கூலி.”

ஓசி டீ அன்றோடு நின்றது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம் நாங்கள் சின்னதாக வீடு கட்டினோம். எங்கள் மகளுக்கு அதற்கு முந்தின வருஷம் டைபாய்டு வந்து, பிழைத்ததே முருகன் புண்ணியம். ‘பாப்பா எழுந்து உட்கார்ந்தால் புது வீட்டு வாசலிலேயே உன்னை நிறுத்துகிறேன்’ என்று என் மனைவி செல்வி வேண்டிக்கொண்டிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும், வாசல் சுவரில் வரையச் சொல்லி ஓர் உரக்கடைக் காலண்டரை எடுத்து ஆர்ட்ஸ் கையில் கொடுத்தாள்.

காலண்டர் முருகனுக்குத் தக்காளிக் கன்னம். சிவந்த உதடு. பின்னால் பனிமலை, பனிமலையில் ரோஜாத் தோட்டம், அதற்கு மேலே வானவில். ஆர்ட்ஸ் காலண்டரைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

“இன்னாண்ணா, சாமியா, பவுடர் டப்பாவா?”

அவர் சொன்னது பாவம் என்பது ஒரு பக்கம். என் வீட்டு வாசலில், என் அப்பன் முருகனுக்குக் கீழே ‘கூலி’ என்று எழுதிவிட்டால், அந்த வாசலில் நான் எந்த முகத்தோடு விளக்கேற்றுவேன்? அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

“ஆர்ட்ஸு, இந்த ஒண்ணுக்கு மட்டும் கையெழுத்தே வேணாம்பா.”

“கையெழுத்து போடாம ஏணிய எடுக்க மாட்டேன்.”

“அப்ப கலைன்னே போட்டுடுபா. உனக்கு இன்னா நஷ்டம்?”

“சாமி படத்துக்குக் கீழ பொய் எழுதச் சொல்றியே, நீ இன்னாண்ணா பக்திமான்?”

நாங்கள் பேசியது செல்விக்குக் கேட்டுவிட்டது. வெளியே வந்தாள்.

“நீங்க கூலின்னே போடுங்கண்ணா. நானும் கூலிக்குப் போறவதான், அதுல இன்னா கேவலம்? ஆனா மூஞ்சிய மாத்திடாதீங்க. பாப்பா கண்ணத் தொறக்காத நாளெல்லாம் இந்த மூஞ்சியத்தான் பாத்துகினு கெடந்தேன். வேற மூஞ்சி வந்து நின்னா, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது.”

ஆர்ட்ஸ் மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். இந்தத் தடவை அடியில் பார்த்தார். முருகனின் பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது.

“காலு எங்கம்மா?”

“தொட்டுத் தொட்டுக் கும்பிட்டேன். தேஞ்சு பூட்ச்சுண்ணா.”

ஆர்ட்ஸ் காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சுவரை மறைத்துச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எங்களை எட்டிப் பார்க்க விடவில்லை. கிரகப்பிரவேசத்தன்று, உறவெல்லாம் கூடியிருக்கும்போதுதான் சாக்கை இழுத்தார். அதே தக்காளிக் கன்னம். அதே உதடு, பனிமலை, ரோஜா, வானவில். ஒன்றைக்கூட அவர் குறைக்கவில்லை, கிண்டலும் பண்ணவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டபடியே கண்ணைக் கீழே கொண்டுவந்தேன். பாதம் இல்லை. அந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையை அப்படியே விட்டிருந்தார். அதன் ஓரத்தில், எறும்பு அளவுக்கு ‘கலை’.

என் மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னா மாமா, சாமிக்குக் காலு வெக்கல, கையெழுத்து மட்டும் வெச்சுட்டாரு?”

பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பின்னமான படத்தை வாசலில் வைக்கலாமா என்று அத்தை கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். ‘கலை’ கிடைத்தும் சந்தோஷப்பட முடியவில்லை.

“ஆர்ட்ஸு, கோச்சுக்காம காலப் போட்டுடுபா.”

“நான் போட்டா அது நான் போட்ட காலுண்ணா. அங்க கீறது தங்கச்சி தொட்ட காலு. அத்த எனக்கு வரையத் தெரியாது.”

“சரி, கலைன்னு எழுதிக்கீறியே, அது படத்துக்கா, அந்த வெள்ளைக்கா?”

“ரெண்டத்தயும் பிரிச்சுக் காட்டு பாக்கலாம்.”

நான் செல்வியைப் பார்த்தேன். வேண்டிக்கொண்டவள் அவள். அவள் மனசு நொந்தால் படத்தை அழித்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆர்ட்ஸும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போனாள். அந்த வெள்ளையைத் தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“காலு இங்கதான கீது” என்றாள்.

பாப்பாவும் எட்டித் தொட்டது. அப்புறம் அத்தை தொட்டாள். மச்சானும் தொட்டான். ஆர்ட்ஸ் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவியிருந்த பிரஷை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

எங்கள் பக்கம் இன்று கம்பெனிகளும் பஸ்களுமாக மாறிவிட்டது. ஆர்ட்ஸும் காலமாகிவிட்டார். பாப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது அந்த வெள்ளையைத் தொட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். சுவருக்கு எத்தனையோ தடவை வண்ணம் அடித்தோம், முருகனை மட்டும் சுற்றிக்கொண்டு போகச் சொல்லிவிடுவேன். எல்லார் கையும் பட்டு, ஓரத்திலிருந்த ‘கலை’ எப்போதோ அழிந்துபோனது.

சாமி கும்பிட்ட கையோடு, அந்த எழுத்து இருந்த இடத்தையும் நான் தனியாக ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஆர்ட்ஸ் சாமி இல்லை என்று எனக்குத் தெரியும். பழகிவிட்டது.