சுவர் வாங்கிய குளிர்

நூலகர் ஏசி ரிமோட்டைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தது செவ்வாய்க்கிழமை காலை கையும் களவுமாகப் பிடிபட்டது. அதற்கு முந்தின வாரம் கணக்கு அம்மா அதைச் சால்வைக்குள் சுருட்டி வீட்டுக்கே கொண்டுபோயிருந்தார். நூலகருக்கு எப்போதும் வியர்க்கும். கணக்கு அம்மாவுக்கு எப்போதும் நடுங்கும். போன மாதம் அலமாரிகளை எல்லாம் நகர்த்தி, பின்சுவரைக் குடைந்து, புதிதாகப் பெரிய ஏசி மாட்டியதிலிருந்து இதே பாடுதான். வாசலில் ‘பொருளாதாரக் கொள்கை ஆய்வகம்’ என்று பித்தளைப் பலகை. உள்ளே ரிமோட்டுக்குக் குடுமிப்பிடிச் சண்டை.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஏசி ஓட இத்தனை மணி, நிறுத்த இத்தனை மணி என்று ஒரு விதி போட்டுத் தொலைக்கிறேன் என்றார்.

“விதியா? நம்ம ஆபீஸ்லயா?” என்று எழுந்தார் சந்தையார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபது வருடமாக ஒரே கட்டுரையைத்தான் எழுதிவந்தார். தலைப்பு மட்டும் மாறும். புகைக்கு வரி வேண்டாம், இறக்குமதிக்குத் தடை வேண்டாம், தண்ணீருக்குச் சட்டம் வேண்டாம், சந்தையிடம் விட்டுவிடு, அது பார்த்துக்கொள்ளும். வீட்டில் எந்த டிவி சேனல் என்பதையே ஏலம் விட்டுப் பார்த்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆபீசில் இருந்த தொலைந்த பொருள் பெட்டியை ஒழித்துவிட்டு, ‘கேட்பாரில்லாத பொருள் எடுத்தவருக்கே சொந்தம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தவரும் அவர்தான். மற்றபடி தங்கமான மனுஷர்.

அவர் சொன்ன ஏற்பாடு எளிது. மேஜைக்கு வாரம் ஐந்து சீட்டு. ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டால் ஒரு மணி நேரம் ஏசி ஓடும். வேண்டாதவர் விற்கலாம், வேண்டியவர் வாங்கலாம். பணம் கூடாது, டீ, லீவு நாள், ஜன்னலோர நாற்காலி என்று எதைக் கொடுத்தும் வாங்கலாம்.

இயக்குநருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அறங்காவலர்கள் வருகிறார்கள். காலநிலைக்குச் சட்டம் வேண்டாம், சந்தையே போதும் என்பதை இந்த ஒரு ஹாலில் காட்டிவிட்டால், சந்தையார்தான் காலநிலைப் பிரிவுக்குத் தலைவர். காட்ட முடியாவிட்டால் பிரிவும் கிடையாது, பிரிவில் இருக்கிற ஒரே ஆளான சந்தையாரும் கிடையாது.

சீட்டு விநியோகத்தில் ஒன்று கீழே விழுந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா அதை எடுத்து, இது குப்பையா சார் என்று கேட்டாள்.

“குப்பை இல்லம்மா, குளிர். ஒண்ணு ஒரு மணி நேரம். யார் வேணா யார்கிட்ட வேணா வாங்கலாம். சந்தை முகம் பார்க்காது.”

அக்கா சீட்டைத் திருப்பிப் பார்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று நாள் சந்தை தேனாக ஓடியது. கணக்கு அம்மா தன் சீட்டுகளில் நாலை விற்று ஒரு வாரத்து டீயைச் சம்பாதித்தார். நூலகர் வியர்வை இல்லாமல் முதல்முறையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கணக்கு அம்மா தன் மேஜை இழுப்பறையைத் திறந்தவர், அப்படியே நின்றார். உள்ளே ஒற்றைத் தோடு. ஒன்றரை வருடம் முன் தொலைந்தது. அதற்கடியில் ஒரு துண்டுக் காகிதம்: ‘ஒரு சீட்டு.’

யாரோ விளையாடுகிறார்கள் என்றார்கள். கணக்கு அம்மா விளையாடவில்லை. தோடு இருந்த இடத்தில் ஒரு சீட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுபடி வந்தபோது சீட்டு இல்லை.

திங்கட்கிழமை நூலகருக்கு மூக்குக் கண்ணாடி. தட்டச்சருக்கு, மகளின் குழந்தைப்பருவப் போட்டோ. நினைவிலிருந்தே போய்விட்ட பொருள்களெல்லாம் ஒவ்வொன்றாக மேஜைக்குள் வந்து உட்கார்ந்தன. தூசி துடைத்து, சுத்தமாக. பொருளையும் எடுத்துக்கொண்டு சீட்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு நூலகர் கண்ணை உருட்டினார்.

“யார்னே தெரியாதவங்ககிட்ட பாக்கி வைக்கக் கூடாது. போய் சீட்ட வைங்க.”

சந்தையாருக்கு முதலில் பெருமைதான். கண்ணுக்குத் தெரியாத கை என்று எத்தனை முறை எழுதியிருப்பார்! அந்தக் கை மேஜையைத் திறந்து மூடும் என்று மட்டும் அவர் எழுதியதில்லை. செவ்வாய்க்கிழமை வாக்கில் ஒன்று உறைத்தது. வாங்கப்பட்ட சீட்டு ஒன்றுகூடப் பெட்டிக்கு வரவில்லை. வாங்குகிற ஆசாமி குளிரைத் தொடவே இல்லை. எந்த மனுஷனும் அனுபவிக்காத சரக்கை இப்படி வாங்கிக் குவிக்க மாட்டான். மனுஷனாக இருந்தால்.

சீட்டு குறையக் குறைய ஏசி அதிக நேரம் ஊமையாகக் கிடந்தது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்களுக்குள் ஹால் புழுங்கியது. மெஷின் இரைச்சல் இல்லாத அந்த அமைதியில்தான் அது கேட்டது.

பின்சுவருக்குள்ளிருந்து ஒரு மூச்சு. நீளமாக உள்ளே இழுத்து, சற்று நின்று, மெதுவாக வெளியே விட்டது. பதினொரு பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். நூலகர் கட்டட வரைபடத்தை எடுத்துவந்து விரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அறை எதுவும் இல்லை. ‘காலி இடம்’ என்று எழுதியிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆகிவிட்டது என்று சந்தையாருக்குப் புரிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள். தட்டுப்பாடுதானே, தீர்த்துவிடலாம் என்று மேஜைக்கு இருபது சீட்டு புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை மேஜைகளில் அதற்கும் விலை வந்திருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, முன்பு தோடு கிடைத்த இடத்தில் இப்போது பேனா மூடி. கண்ணாடி கிடைத்த இடத்தில் சட்டைப் பொத்தான். துண்டுக் காகிதத்தில் ‘பத்துச் சீட்டு.’ வியர்வை சொட்டச் சொட்டச் சந்தையார் பணவீக்கம் என்றால் என்ன என்று விளக்கினார். யாரும் கேட்கவில்லை. பொத்தானுக்கும் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இனி பெயர் சொல்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாது என்று அன்று மதியமே அறிவிப்பு ஒட்டினார். இருபது வருடத்தில் அவர் போட்ட முதல் தடை. ஒட்டும்போது கை கூசியது. பலன் நேர்மாறாக இருந்தது. சந்தை மூடிவிடப் போகிறது என்று பயந்து, எல்லோரும் மிச்சச் சீட்டுகளை மேஜைமேல் பரப்பி, தொலைத்ததைப் பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ‘நீலக் குடை. அம்மாவின் கடிதம். முடிந்தால் என் பழைய செருப்பில் இடதுகால்.’

வியாழக்கிழமை ஏசி ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. சுவர் நாள் முழுக்க மூச்சு விட்டது. முன்னைவிட ஆழமாக, நிம்மதியாக. கணக்கு அம்மாவுக்கே வியர்த்தது. அந்தக் கட்டடத்திலேயே தெளிந்த முகம் ஒன்றுதான். எப்போதும் சிவந்த கண்ணோடு டியூட்டி முடித்துப் போகும் இரவு வாட்ச்மேன், அன்று காலை சந்தையாருக்குச் சிரித்த முகமாகச் சலாம் வைத்தார். சந்தையாருக்கு அதைக் கண்டு எரிச்சலாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை அவரிடம் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அறங்காவலர்கள் நுழையும் நேரத்துக்குப் போடலாம் என்று சட்டைப் பையில் பொத்திவைத்திருந்தார். பேச்சுக்கான காகிதத்தை எடுக்க மேஜையைத் திறந்தார்.

உள்ளே தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் அவருடைய கல்யாண மோதிரம்.

இரண்டு வருடமாயிற்று அது தொலைந்து. மனைவி மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், அவர் விரலைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். துண்டுக் காகிதத்தில் ‘ஒரு சீட்டு’ என்றிருந்தது. பின்னால் சுவர் மூச்சை உள்ளே இழுத்தது.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கோட்டு போட்ட மூன்று அறங்காவலர்கள் இயக்குநரோடு படியேறி வந்துகொண்டிருந்தார்கள். மனைவியா, பதவியா என்று யோசிக்க நேரமில்லை. இருபது வருடம் ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பற்றி எழுதிய மனுஷர், மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டார். சீட்டைக் கொண்டுபோய்ப் பெட்டியிலும் போட்டுவிட்டார்.

ஏசி உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. குளிர் இறங்கியது. சுவருக்குள் மூச்சு சட்டென்று நின்றது.

பதினொரு தலைகள் சுவர் பக்கம் திரும்பின. பிறகு ஒரு இருமல். அடுத்து, சுவரில் எதையோ கொண்டு இடிக்கிற சத்தம், மூன்று தடவை. கணக்கு அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சந்தையார் மட்டும் மோதிரக் கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். சந்தையில் ஒவ்வொரு பேரமும் இருவருக்கும் லாபம் என்றார். மேஜை மேஜையாக என்ன கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே போனார்.

தலைமை அறங்காவலர் குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

“அப்போ இந்த ஏற்பாட்டுல பாதிக்கப்பட்டவங்கன்னு யாருமே இல்லை?”

“ஒருத்தர்கூட இல்லீங்க” என்றார் சந்தையார்.

அப்போது பின்கதவு திறந்தது. தரை துடைக்கிற அக்கா நின்றிருந்தாள். ஒரு கையில் வாளி, மறு கையில் சணலால் கட்டிய சீட்டுக் கட்டு. அவள் யாரையும் பார்க்காமல் நேராகச் சந்தையாரின் மோதிர விரல் இருந்த பையைப் பார்த்தாள்.

“மோதிரத்தையும் எடுத்துக்கிட்டு சீட்டையும் போட்டுட்டீங்களே சார், இந்த மெஷின் வெளியே தள்ளுற சூடு பூரா சுவருக்குப் பின்னாடி நாங்க போட்டிருக்கிற தகரக் கொட்டகைக்குள்ளதான் வருது, ராத்திரியெல்லாம் உங்க கேட்டைக் காத்துட்டு வந்த எங்க வீட்டுக்காரர் இந்த ஒரு வாரமாத்தான் பகல்ல தூங்குறாரு.”