சுவரில் ஏறிய வி.ஆர். கைங்கரியம்

கம்ப்யூட்டரில் ரைட் க்ளிக் செய்தால் எட்டிப் பார்க்கும் அந்தச் சின்ன மெனுவை உலகத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நான் மதித்தேன். இழைத்து இழைத்து ஒன்று செய்து வைத்திருந்தேன். (அதில் எனக்கு இன்றுவரை பெருமைதான், எந்தச் சபையிலும் சொல்வேன்.) அதுவே ஒரு நாள் சுவர் முழுக்க ஏறி நின்று என் மானத்தை வாங்கியது.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் என்னைவிடப் பத்து வயது மூத்த கோதண்டம் அண்ணனும்தான். நான் பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி வருவேன். அவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர், நெல் அறுப்பு வந்தால் ஆள் கிடைக்க மாட்டார். லாரி எடை போடுவது முதல் பில் அடிப்பது வரை எல்லாம் பழைய புரோகிராம்களில் ஓடியது. ஒன்றில் ஒரு வரியை மாற்றினால் சம்பந்தமே இல்லாத வேறொன்று படுத்துவிடும்.

இதற்காக ஒரு மென்பொருள் வாங்கிக் கொடுத்தார்கள். அது எல்லாப் புரோகிராம்களையும் படித்து, எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிரவுசரில் காட்டும். ஒரு புரோகிராமின் பெயர் மேல் ரைட் க்ளிக் செய்தால், அதைப் பற்றி என்னென்ன கேட்கலாம் என்று மெனு வரும். அந்த இங்கிலீஷைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் வெளியே லாரிகள் வரிசை கட்டிவிடும். மெனுவை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கையேட்டின் கடைசியில் ஒரு மூலையில் போட்டிருந்தது. விடுவேனா?

"இத யாரு கூப்புடுறாங்க?", "இது யாரக் கூப்புடுது?", "இதுல கைய வச்சா இன்னா ஆவும்?" என்று எங்கள் பாஷையிலேயே எழுதிப் போட்டேன். (ஒரு புரோகிராம் இன்னொன்றை வேலைக்கு இழுப்பதைத்தான் நாங்கள் கூப்பிடுவது என்போம்.) மூன்றாவதைப் பார்த்து கோதண்டம் அண்ணன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

நான்காவதாக ஒன்றும் சேர்த்தேன். பழைய புரோகிராம்களில் முக்கால்வாசியின் தலையில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வி.ஆர். என்று இருக்கும். யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பேஜாராக்குவதற்கென்றே பிறந்தவர் என்று மட்டும் தெரியும். அவருக்காகத்தான் "இதுவும் வி.ஆர். கைங்கரியமா?" என்ற வரி. அதை அமுக்கினால் அவர் எழுதியதெல்லாம் சிவப்பில் வரும். தினமும் அதை ஒரு தடவை அமுக்கி, அவரைத் திட்டிவிட்டுத்தான் நாஷ்டாவே இறங்கும்.

இப்படி நிம்மதியாக இருந்தபோது, எங்கள் பிரிவை மூடிவிட்டு வேலையைப் புனேவுக்குக் கொண்டுபோகலாமா என்று தலைமை அலுவலகத்துக்கு யோசனை வந்தது. முடிவு செய்ய ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அவருக்கு வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். அவருக்குப் பிடிக்காவிட்டால் அண்ணன் வயலுக்கு, நான் அத்தாவின் (என் அப்பாதான்) மீன்வலைக் கடையில் நைலான் கயிறு அளக்க.

மெனுவை எடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். பெற்ற பிள்ளையை யாராவது ஒளித்து வைப்பார்களா? தவிர, புரொஜெக்டர் வைத்துச் சுவரில் காட்டும் மீட்டிங் ரூம் கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாது, வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். எனவே மேலே இங்கிலீஷில் நாலு வரி சேர்த்துவிட்டு, கீழே வரும் கட்டங்களைப் பற்றிக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று இருந்துவிட்டேன். (மூளை என்றால் மூளை.)

வந்தவரை எல்லோரும் ரங்கா சார் என்றார்கள். தமிழர்தான். லாரியில் ஏற்றும் எடைக்கு உச்சவரம்பை மாற்றினால் எதையெல்லாம் திருத்த வேண்டியிருக்கும் என்று கேட்டார். இதைத்தானே எதிர்பார்த்தேன் என்று கம்பீரமாக ரைட் க்ளிக் செய்தேன்.

சுவரில் பஸ் போர்டு எழுத்து மாதிரி சுத்தத் தமிழ்.

கோதண்டம் அண்ணன் என் காதருகே குனிந்தார். "கட்டம் கட்டமா அசிங்கமா தெரிஞ்சிதும்மா. நேத்து நான்தான் குந்திக்கினு தமிழ் ஃபான்ட் ஏத்தினேன்," என்றார். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்த முகம்.

ரங்கா சார் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றார்.

"இது என்னம்மா? அமுக்குங்க."

அது சும்மா சோதனைக்குப் போட்டது என்று முனகினேன். மறுபடியும் அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். சுவர் முழுக்கச் சிவந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"வி. ரங்கநாதன். இந்த ஆலை ஆரம்பிச்சப்ப இங்கதான் வேலை பார்த்தேன். நான்தாம்மா அந்த வி.ஆர்."

அண்ணன் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். நான் மனதுக்குள் கயிறு அளக்க ஆரம்பித்தேன்.

சார் சுவரருகே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது அவசரத்தில் எழுதியது, இது ஜுரத்தோடு எழுதியது, இது ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்றாவியாத்தான் எழுதியிருக்கேன். ஆனா எம் பேரப் போட்டுத்தான்மா எழுதினேன்."

அடுத்து மௌஸை என்னிடமிருந்து வாங்கி, "இதுல கைய வச்சா இன்னா ஆவும்?" என்பதை அவரே அமுக்கினார். எடை போடும் புரோகிராமைத் தொட்டால் எதெல்லாம் ஆட்டம் காணும் என்று கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது. இதைச் சொல்லத்தான் புனேவில் ஒரு வாரம் கேட்டார்கள் என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிரிவு தப்பியது. என் மெனு மற்ற ஆலைகளுக்கும் போனது. அவரவர் பாஷையில் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் வி.ஆர். வரியை யாரும் எடுக்கக் கூடாது என்பது ரங்கா சாரின் உத்தரவு. அவர் கைங்கரியம் எத்தனை பாஷையில் பேசப்படுகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்து வேறு வேலைக்கு மாறியபோது, கடைசி நாளன்று கோதண்டம் அண்ணன் ஒரே ஒரு தடவை ரைட் க்ளிக் பண்ணிவிட்டுப் போகச் சொன்னார். வி.ஆருக்குக் கீழே புதிதாக ஒரு வரி: "இதுவும் எஸ்.என். கைங்கரியமா?" எஸ். நசீமா, நான்தான். அமுக்கினேன். சுவர் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஸ்கிரீன் அளவுக்குச் சிவந்தது. வீட்டுக்கு வந்ததும் இதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி புகைந்தாலும், குழம்பு உப்புக் கரித்தாலும் கேள்வி ஒன்றுதான். போன பெருநாளைக்கு பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் "இதுவும் எஸ்.என். கைங்கரியமா?" என்றார்.

"ஆமாங்க. எம் பேரப் போட்டுத்தான் வச்சிருக்கேன், சாப்பிடுங்க," என்றேன்.