கேட்டுக்காரர் வாசலை ஆண்ட முப்பது நாள்

இனிமேல் தன் வீட்டு வாசலைத் தானே ஆள்வது என்று கேட்டுக்காரர் முடிவெடுத்தார். அதுவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

ஆள்வதில் அவருக்குக் கொள்ளை ஆசை. எழுந்திருப்பதில்தான் துளியும் இல்லை.

அவருக்குச் சொந்தமாக ஒரு பேர் உண்டு. தெருவில் யாரும் அதைச் செலவழிப்பதில்லை. ஒரு தொழிற்சாலையின் கேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிறவர்களை ரெஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அதே கூண்டு, அதே ஐந்து கேள்வி. பேர் என்ன? எந்த இடம்? என்ன சாமான்? எத்தனை உருப்படி? போன் நம்பர்? ஐந்துக்கும் பதில் வராமல் ஈ கூட உள்ளே போக முடியாது. இவனை உள்ளே விடப்போவதில்லை என்று முன்னாடியே தெரிந்தாலும், ஐந்தையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் துரத்துவார். ஒரு தடவை முதலாளியையே நிறுத்திப் போன் நம்பர் கேட்டாராம். அதை இன்றைக்கும் வீரச் செயல் மாதிரி சொல்லிக்கொள்கிறார். முதலாளி அதை வேறு மாதிரி சொல்கிறார்.

அவர் மனைவி துணி தைக்கிறவர். அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் மிஷினைப் போட்டுத் தைக்கிறார். அங்கே ஜன்னல் கிடையாது. ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமானால் ஃபிரிட்ஜைத் திறந்து அந்த வெளிச்சத்தில் கோர்ப்பார். நல்ல வெளிச்சமும் பெரிய ஜன்னலும் உள்ள முன்னறை என்ன செய்கிறது என்றால், கேட்டுக்காரரின் சாய்வு நாற்காலியையும், டிவியையும், ஒரு உடற்பயிற்சி சைக்கிளையும் வைத்துக்கொண்டிருக்கிறது. சைக்கிளில் துண்டு காய்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

"ஏங்க, முன்னறையை எனக்குக் குடுங்க. மிஷினை அங்க போட்டுக்கறேன்."

"எதுக்கு? ஊர்ல இருக்கிறவ எல்லாம் என் மூக்குக்கு நேரா வந்து இடுப்பளவு குடுக்கவா?"

"அப்ப நான் ஃபிரிட்ஜுக்குள்ளயே குடித்தனம் பண்ணட்டுமா?"

"உன்கிட்ட வர்றதே நாலு பேரு. நாலு பேருக்கு ஒரு அறையா?"

"நாலு பேருன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். முப்பது நாள்ல புதுசா இருபத்தஞ்சு பேர் உன்கிட்டத் தைக்கக் குடுத்துட்டா, முன்னறை உனக்கு. குடுக்கலையா, மிஷினை மடிச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளிடணும். அப்புறம் தையல்ங்கற பேச்சே இந்த வீட்டுல எழக் கூடாது. சம்மதமா?"

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். மிஷின்தான் அவர் கைக்கு இருக்கிற ஒரே தொழில். அது கட்டிலுக்கு அடியில் போனால் கூடவே அவரும் போன மாதிரிதான்.

"சம்மதம். ஆனா சாட்சி வேணும்."

மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் சாட்சியாகக் கூப்பிடப்பட்டார். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "அண்ணி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். "அவரை யோசிக்கச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

கேட்டுக்காரர் ஏற்கனவே யோசித்திருந்தார். மறுநாளே ஒரு பெட்டி வாங்கி வந்தார். கார்ட்லெஸ் போன், கூடவே வாசலில் மாட்டக் கேமரா வைத்த பெல். யாராவது பெல்லை அழுத்தினால் ரிசீவர் மணி அடிக்கும். ரிசீவரில் இருக்கிற குட்டித் திரையில் வந்தவர் முகம் தெரியும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருந்தபடியே பேசலாம், சிவப்பை அழுத்தினால் பேச்சு முடியும். கதவைத் திறக்க வேண்டாம், கால் தரையில் பட வேண்டாம். அவரை மனதில் வைத்தே எவனோ செய்திருக்கிறான்.

திட்டம் என்ன என்றால், வருகிற ஆட்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்புவது. அதற்காக, சேர்த்து வைத்திருந்த லீவில் முப்பது நாளை எடுத்தார். மனைவிக்கு டைபாய்டு வந்தபோது அரை நாள்கூட எடுக்காத லீவு அது.

எலக்ட்ரீஷியன்தான் வந்து மாட்டினார்.

"அண்ணே, பெட்டியில ரெண்டு ரிசீவர் இருக்கு. இன்னொண்ணை எங்க வைக்க?"

"அடுப்படியில வை. அவ பாட்டுக்கு அவ அக்காகூடப் பேசிட்டுக் கிடக்கட்டும்."

"இந்தப் புத்தகத்தைப் படிச்சுப் பாருங்க. நிறைய வசதி இருக்கு."

"பதினெட்டு வருஷம் கேட்டு பார்த்தவனுக்கு வாசலைப் பத்திப் புத்தகமா? ஏய், இந்தா. ஊசி குத்தி வைக்க ஆகும்."

அந்த அம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஊசியும் குத்தி வைத்தார். படித்து முடித்த பிறகு.

முதல் நாள் காலையிலேயே மணி அடித்தது. திரையில் வெள்ளை உடுப்போடு ஒரு நர்ஸ்.

"யாரு?"

"தைக்கிற அம்மா வீடு இதானே?"

"பேர் என்ன?"

நர்ஸ் பேர் சொன்னார்.

"எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்."

"என்ன சாமான்?"

"சாமானா? யூனிஃபார்ம்ங்க. தோள் பக்கம் இறுக்கமா இருக்கு, புதுசா தைக்கணும்."

"எத்தனை உருப்படி?"

"மூணு."

"போன் நம்பர்?"

அதையும் சொன்னார். கேட்டுக்காரர் திருப்தியாகத் தொண்டையைச் செருமினார்.

"அந்த அம்மாவுக்குக் கை ஒடிஞ்சு போச்சு. இனிமே தைக்க மாட்டாங்க. போயிட்டு வாங்க."

சிவப்புப் பொத்தான். முகம் மறைந்தது. கால் தரையில் படவே இல்லை! நாற்காலிக்குக் கையெட்டும் சுவரில் தொங்கிய காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். துரத்தப்பட்டவர்: ஒன்று.

நடையிலிருந்து குரல் வந்தது. "யாருங்க வாசல்ல?"

"யாரோ வழி கேட்டாங்க."

"பாவம், சரியாச் சொன்னீங்களா?"

"சரியாத்தான் அனுப்பினேன்."

இரண்டாம் நாள் பாட்டு டீச்சர் வந்தார், ஆறு திரைச்சீலை. ஐந்து கேள்வி. அப்புறம், "அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியலை." மூன்றாம் நாள் பாங்க் வாட்ச்மேன், இரண்டு பேன்ட். "வெளிநாட்டுக்குப் போயிட்டாங்க, வர மாட்டாங்க." நான்காம் நாள் ஒரே மாதிரி இருந்த இரண்டு அக்கா தங்கைகள், ஒரே மாதிரி இரண்டு கவுன். "அவங்களுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருது." பொய்யில் கூட அவர் ஒழுங்கானவர். ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டார். தெருவுக்குள் இவர்களெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்பது மட்டும் அவர் மண்டையில் உதிக்கவில்லை. மண்டைக்கும் சேர்த்துத்தான் லீவு போட்டிருந்தார்.

ஒரு வாரம் போனது. வாசலில் வருகிறவர்கள் நடந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. யாரும் கோபப்படவில்லை. கேட்டதற்கெல்லாம் பொறுமையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார்கள். சிலர் கேட்காமலேயே சொன்னார்கள். அஞ்சலக அம்மா ஒருத்தி பெல்லை அழுத்தியதுமே பேர், இடம், சட்டை, நாலு, நம்பர் என்று ஒப்பித்துவிட்டு, "சரிங்களா சார்? நல்லா ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்றாள்.

"எது சரியாயிடும்?"

"எல்லாந்தான் சார்."

என்ன மரியாதை தெரிந்த தெரு என்று கேட்டுக்காரர் பூரித்துப்போனார். காலண்டரில் கோடு போட்டார்.

சாயங்காலமானால் மனைவி தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க?"

"முழங்கால் வலிக்குதுங்க. கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

"தாராளமா நட. ரெண்டு மணி நேரம் நட."

டிவி ரிமோட் முழுசாகத் தன் கையில் கிடைக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். பை எதற்கு என்று கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக லாரிக்காரன் சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து பார்த்த மனுஷன்.

மிஷின் மட்டும் பகலெல்லாம் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரும் வரலையே, என்னத்தைத் தைக்கிற?"

"பழைய துணிங்க. சும்மா இருக்க முடியலை."

"தை, தை. இன்னும் பத்து நாள்தானே ஓடப்போகுது."

ஒரு தடவை மட்டும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அவர் வாசலோடு பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் இரண்டு என்ற எண் மின்னியது, பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"ஏய், இது என்ன சிவப்பா?"

"சார்ஜ் ஏறுதுங்க."

"அந்த ரெண்டு?"

"ரெண்டு மணி நேரத்துல ஏறிடும்."

நியாயமாகப் பட்டது. புத்தகம் படிக்காதவருக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

முப்பதாம் நாள் வந்தது. கேட்டுக்காரர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு கோடு. கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய செருப்புகளைக்கூட அன்று காலையிலேயே ஒதுக்கியிருந்தார், மிஷினுக்கு இடம் வேண்டுமே. வருஷக்கணக்கில் அவர் வீட்டில் செய்த ஒரே வேலை அது.

"சொல்லும்மா. முப்பது நாள் ஆச்சு. எத்தனை பேர் வந்தாங்க?"

"நீங்கதானே வாசல்ல இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க."

"பூஜ்யம்!" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தில் நாலு ஊசியில் நூல் கோர்த்திருக்கலாம். "ஒருத்தர் கூட உள்ள வரலை. தம்பி, நீயே சாட்சி."

"அப்படியா?" என்ற மனைவி அடுப்படிக்குப் போய் இரண்டாவது ரிசீவரை எடுத்து வந்தார். ஏதோ பொத்தானை அழுத்தி எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்தார். திரையில் நர்ஸ் முகம். கேட்டுக்காரர் குரல்.

"பேர் என்ன? எந்த இடம்? என்ன சாமான்?"

அடுத்து பாட்டு டீச்சர். அடுத்து வாட்ச்மேன். ஒவ்வொரு முகத்துக்கும் அதே ஐந்து கேள்வி, ஐந்து பதில், நம்பர் உட்பட.

"இது என்னடி?"

"புத்தகத்துல பதினாலாம் பக்கம். வாசல்ல பேசறதை அப்படியே பதிஞ்சு வைக்கலாம். பதினஞ்சாம் பக்கம், இன்னொரு ரிசீவர்ல கூடவே கேட்டுக்கவும் செய்யலாம். நீங்க சிவப்பை அழுத்தினதும் நான் அவங்களுக்குப் போன் பண்ணிடுவேன். சாயங்காலம் அவங்க வீட்டுக்கே போய் அளவெடுத்துத் துணி வாங்கிட்டு வந்துடுவேன். தைச்சதையும் அப்படியே குடுத்துட்டு வருவேன்."

"முழங்கால் வலின்னியே!"

"அவ்வளவு தூரம் நடந்தா வலிக்காதா?"

எலக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்.

"அண்ணி, எத்தனை பேருன்னு சொல்லுங்க."

"வாசலுக்கு வந்தது முப்பத்தொண்ணு. தைக்கக் குடுத்தது இருபத்தேழு. மிச்சம் நாலு பேரு நெஜமாவே பயந்து ஓடிட்டாங்க. அந்த நாலும் இவரோட சொந்தத் திறமை."

"இது ஏமாத்து வேலை!" கேட்டுக்காரர் காலண்டரை ஆட்டினார். "தம்பி, நீயே கேளு. புருஷனை ஏமாத்தி..."

"ஏமாத்தினது யாருன்னு போட்டுக் காட்டட்டுமா? கை ஒடிஞ்சு போச்சுன்னு ஒரு குரல் சொல்லுது, கண்ணு தெரியலைன்னு ஒரு குரல் சொல்லுது. எல்லாம் ஒரே குரலா இருக்கு."

"அந்த ஜனங்களுக்குச் சந்தேகமே வரலையா? நான் போன்னு சொல்றேன், நீ வான்னு சொல்றே!"

"வந்துச்சு. முதல்ல அந்த நர்ஸ்தான் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ரொம்ப வருஷம் கூண்டுல உட்கார்ந்து கொஞ்சம் அப்படி ஆயிட்டாரு, அஞ்சு கேள்விக்கும் பதில் சொல்லிட்டா அமைதியாயிடுவாருன்னு சொன்னேன். தெரு பூரா நல்லவங்க. ஒத்துழைச்சாங்க."

நல்லா ரெஸ்ட் எடுங்க சார். சரியாயிடும் சார். கேட்டுக்காரருக்கு ஒவ்வொரு குரலாகத் திரும்பக் கேட்டது. பூரித்துப் பூரித்துக் கோடு போட்டது ஞாபகம் வந்தது.

சாட்சி தீர்ப்பைச் சொல்லிவிட்டு, மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கவும் செய்தார். மறுபக்கத்தைத் தூக்கியது கேட்டுக்காரர்தான், வேறு ஆள் இல்லை. முப்பது நாளில் முதல் முறையாக அவர் கால் மனைவியின் வேலைக்காகத் தரையில் பட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் மிஷின் போய் உட்கார்ந்தது. துண்டு காய்ந்த சைக்கிளில் தைத்து முடித்த உடுப்புகள் தொங்கின. அதற்கு அது நன்றாகவே பொருந்தியது. சாய்வு நாற்காலி நடைக்குப் போனது, ஃபிரிட்ஜுக்கு எதிரில். படிக்க வேண்டுமானால் அதன் கதவைத் திறந்துகொள்ளலாம்.

மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்தார். ஒரே தடவையில் நூல் கோர்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அந்த ஊசியையே பார்த்தபடி நின்றார். பிறகு குரல் கொடுத்தார்.

"ஏங்க, இன்னும் லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?"

"பன்னெண்டு. எதுக்கு?"

"பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. கூட்டம் வரும். நாளைக்கே போய் எழுதிக் குடுத்துடுங்க."

"நான் என்ன உனக்குக் கேட்டுக்காரனா? இனிமே அந்தப் போனைத் தொட்டா என்னை என்னன்னு கேளு!"

மணி அடித்தது. அவர் தொடவில்லை. இரண்டாவது தடவை அடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அடித்தபோது திரையில் ஒரு புது முகம் தெரிந்தது, கையில் ஒரு கட்டுத் துணி. பேர் தெரியாத ஒரு ஆள், எந்த இடம் என்று தெரியாத ஒரு ஆள், கேட்பாரில்லாமல் அவருடைய வாசலில் நிற்கிறான். பதினெட்டு வருஷத்துக் கை தானாக எழுந்து பச்சையை அழுத்தியது.

"பேர் என்ன? எந்த இடம்? என்ன சாமான்? எத்தனை உருப்படி?"

வந்தவர் நாலுக்கும் பதில் சொன்னார். கேட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, அதோடு சிவப்பை அழுத்தினார். அவ்வளவுதான் அவரால் முடிந்த பழிவாங்கல்.

முன்னறையில் மிஷின் நின்றது.

"ஏங்க, போன் நம்பர் கேக்க மறந்துட்டீங்க!"

அவர் மறுபடியும் பச்சையை அழுத்தினார்.