அலோஹாவுக்கு விளக்குப் போட்ட அண்ணாச்சி

வெளிச்சத்தைக் குறைப்பதற்கென்றே திருவனந்தபுரத்தில் அவதரித்த ஒரே எலக்ட்ரீஷியன் எங்கள் ஜீரோ வாட் அண்ணாச்சிதான். வீடு இருட்டாக இருக்கிறது என்று ஊரார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அண்ணாச்சி வந்துவிட்டுப் போன பிறகுதான் வீடு இருட்டாகும். ஆரியசாலையில் அவர் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் ஸ்டூலில் முட்டிக்கொண்டு, பிறகுதான் வணக்கம் சொல்வார்கள்.

"டியூப் லைட்டுக்குக் கீழ எந்தப் புருஷன் பொண்டாட்டி சிரிச்சுப் பேசியிருக்காடே? மூஞ்சியில உள்ள கொறையெல்லாம் பளிச்சுன்னு தெரியும்லா!" என்பது அவருடைய சித்தாந்தம். கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் சீரியல் லைட்டும் மைக் செட்டும் அவர்தான். குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியாகவும் அதற்கே கொடுத்துவிட்டார்.

எழுபதுகளில் நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டெம்பரரி குமாஸ்தா. நாகர்கோவிலில் கோமதியைப் பெண் பார்த்து வந்திருந்தேன். எனக்கு அவளைப் பிடித்தது. அவளுக்கும் என்னைப் பிடித்தது. அவள் அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "தாய் தகப்பன் இல்லாத பையன், வேலையும் நெரந்தரம் இல்ல. பெர்மனன்ட் ஆகட்டும், பேசுவோம்" என்றார். வேறு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

என் மேனேஜர் கப்பலில் உலகம் சுற்றி ரிட்டயரான மலையாளி. கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஹவாய்த் தீவில் பார்த்த ஒரு மதுக்கடையை அப்படியே தன் வீட்டு மாடியில் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் தூண், ஓலைக்கூரை, பல்லைக் காட்டும் மரப்பொம்மைகள். டிக்கி பார் என்று அதற்குப் பெயராம்.

"எடோ, சனியாழ்ச்ச மொதலாளி வருந்நு. லைட்டும் நியானும் உன் ஆரியசாலை ஆளுகிட்ட பறஞ்சு சரியாக்கு. நன்னாயிட்டு வந்தா அன்னைக்கே உன் ஜோலிக் காரியம் பேசறேன்" என்றார். ஆக, என் கல்யாணம் அண்ணாச்சி மாட்டப்போகும் பல்பில் தொங்கியது.

அண்ணாச்சி மாடிக்கு வந்து சுற்றும் முற்றும் பார்த்தார். "இது நம்ம கள்ளு ஷாப்புல்லா! இதைப் பாக்கவா கப்பல்ல போனிய?"

"அண்ணாச்சி, இது டிக்கி!" என்றேன் நான்.

"டிக்கி காருக்குப் பின்னாலல்லா இருக்கும்? அது கெடக்கட்டும், திருஷ்டி பொம்மைய யாராவது வீட்டுக்குள்ள வப்பாளா?"

கேப்டனின் மீசை துடித்தது. "திருஷ்டி பொம்மையோ! அது ஆ தீவுக்காரரோட தெய்வமாணு!"

"தெய்வமா?" அண்ணாச்சி கீழே இறங்கிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "மொதல்லயே சொல்லப்படாதா?"

பிறகு கலர் தேர்வு. என்னைப் பொம்மைகளுக்கு நடுவில் நிறுத்தி, தலைக்கு மேல் ஒவ்வொரு பல்பாக எரியவிட்டார். பச்சையில் நான் நாள்பட்ட மீன் போல இருந்தேனாம். நீலத்தில் ரயில் பெட்டி ஞாபகம் வந்து கேப்டனே கொட்டாவி விட்டார். கடைசியில் மூங்கில் மீன்கூடுகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே மஞ்சள் ஜீரோ வாட் என்று முடிவாயிற்று. "நடுவுல நியான்லே அலோஹா!" என்று தீவுக்காரர்களின் வரவேற்புச் சொல்லைச் சொன்னார் கேப்டன். "அது இல்லாம எப்படி சார்!" என்று அண்ணாச்சி உருகிவிட்டார். மதுரையில் நியான் குழாய் வளைக்கும் கூட்டாளி ஒருவரிடம் ஆர்டர் போனது.

சனிக்கிழமை சாயங்காலம்தான் பெட்டி வந்தது. மாட்டி, சுவிட்சைப் போட்டார் அண்ணாச்சி. ரோஸ் நிறத்தில், பக்கத்தில் ஒரு வேலோடு, தமிழில் 'அரோகரா' என்று எரிந்தது.

கேப்டனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "தமிழிலோ? அலோஹா தன்னேயல்லே?" என்றார்.

"அதேதான்!" என்றார் அண்ணாச்சி, நான் வாயைத் திறப்பதற்குள்.

வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர். காவி வேட்டி, கழுத்தில் மாலையோடு படியேறி வந்தார். "பழனிக்கு மாலை போட்டிருக்கேன் கேப்டன். அஞ்சு நிமிஷந்தான்" என்றார். கேப்டனுக்கு முகம் செத்துவிட்டது. பின்னால் அலமாரி நிறைய பாட்டில்கள். ஆனால் அண்ணாச்சி போட்ட வெளிச்சத்தில் பாட்டில் என்ன, அலமாரியே தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

முதலாளி அதைப் பார்த்தார். இரண்டு கைகளும் தானாகத் தலைக்கு மேல் போயின. "முருகனுக்கு!" என்று முழங்கினார்.

"அரோகரா!" என்றார் ஏணிமேல் இருந்த அண்ணாச்சி.

"எந்தா இது?" என்று கேப்டன் என் காதைக் கடித்தார். "வரவேற்பு சார்" என்றேன். அடுத்த முழக்கத்துக்கு அவரும் சேர்ந்து "அலோஹா!" என்று கத்தினார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ரம் கலக்காத இளநீர் ஒன்றைத் தேடிப்பிடித்து முதலாளி கையில் கொடுத்தேன். "யார் ஏற்பாடு இது?" என்று கேட்டார். கேப்டன் என்னைக் காட்டி, சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். திங்கட்கிழமை நான் பெர்மனன்ட். கோமதியின் அப்பாவும் இறங்கி வந்தார்.

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது, கேப்டன் கேட்டது அரோகரா இல்லை, அலோஹா என்று அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். "அலோஹான்னா என்னதாம்டே அர்த்தம்?" என்று கேட்டார். "வாங்கன்னு அர்த்தம் அண்ணாச்சி." "வாங்கன்னு சொல்லவா ஒரு லைட்டு? வாயால சொன்னா ஆகாதோ?" என்று ரொம்ப நேரம் சிரித்தார்.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் மண்டப வாசலில் வரிசையாக நின்றார்கள். என் பக்கம் நிற்க ஆள் இல்லையே என்று நான் குறுகிப் போயிருந்தேன். புது வேட்டி கட்டி, தலையைப் படிய வாரி, அண்ணாச்சி அங்கே போய் நின்றிருந்தார். வருகிற ஒவ்வொருவரையும் கை கூப்பி, "வாங்க, வாங்க, நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.