மோகனன் ஆசானின் நெற்றிக் காசு

செவ்வாய்க்கிழமையானால் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயர் சொல்வதையே விட்டுவிட்டார். "காசு ஆசான் இறங்கு" என்பார். பாதி பஸ் காலியாகும். பொழியூர் மீன்காரர்கள், காட்டாக்கடை வியாபாரிகள், மருத்துவ விடுப்பு எடுத்த குமாஸ்தாக்கள். தொண்ணூற்று நான்கில் எங்கள் எல்லையோரத்தில் சாதிமத பேதம் அறவே ஒழிந்த ஒரே இடம் மோகனன் ஆசானின் முற்றம்தான்.

என் மனைவி இறந்த பிறகு என்னையும் அங்கே போகச் சொன்னார்கள். எழுந்து செருப்பு மாட்ட மனமில்லாததால் தப்பித்தேன்.

ஆசானின் சிகிச்சை எளிது. நோயாளியின் நெற்றியில் சந்தனம் தொட்டு ஒரு ரூபாய்க் காசை வைத்து, கண் கலங்கும்வரை அழுத்துவார். உடனே முகத்தைச் சிவப்புப் பட்டால் மூடுவார். தலையை ஆட்ட வேண்டும். காசு விழுந்தால் பேய் போய்விட்டது. சொந்தக் கை நெற்றியில் படக்கூடாது. பட்டால் பேய் கைக்குள் ஏறிவிடும்.

ஆட்டுவார்கள். விழாது. இன்னும் ஆட்டுவார்கள். முடி அவிழும், கழுத்து சுழலும். பேயின் பலத்தைப் பார் என்று கூட்டம் கைகூப்பும். ஆசானுக்குப் பசிக்கும் நேரத்தில் தட்டில் காசு விழும்.

சுமி, நான் பாடம் எடுத்த டியூட்டோரியலில் படித்தாள். பத்தாம் வகுப்பில் தோற்றதிலிருந்து வீட்டில் சாப்பாடும் பேச்சும் நின்றுபோயிருந்தன. அவள் அப்பா ராஜதாஸ் சபையில் முன்வரிசைக்காரர். ஞாயிறு கர்த்தருக்கு, செவ்வாய் ஆசானுக்கு என்று நேர்மையாகப் பிரித்து வைத்திருந்தார். போன வாரம் சுமிக்குக் காசு விழவில்லை. இந்த வாரமும் விழாவிட்டால் பிள்ளையை ஆசானின் உள்ளறையில் ஒரு மண்டலம் பூட்டி வைப்பதாக முடிவாகியிருந்தது.

சுமி பேசாதது பெரியவர்களிடம் மட்டும். வகுப்புத் தோழர்களான ஜிஷாவிடமும் பிஜுவிடமும் பேசுவாள். மதியச் சோற்றில் பாதியாவது அவள் உண்ணாமல் அவர்கள் எழ மாட்டார்கள். உள்ளறைச் செய்தி தெரிந்ததும் இருவரும் என்னிடம் வந்தார்கள். "சாரே, நீங்க கூட வந்து சும்மா நின்னா மதி, அது போதும்" என்றாள் ஜிஷா. சும்மா நிற்பது அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. போனேன்.

சுமி பட்டுக்குள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜிஷா போய் அவளருகே உட்கார்ந்தாள்.

"ஆசானே, எனக்கும் பேய் உண்டு. ராத்திரி உறக்கமே இல்ல."

"எனக்கும் உண்டாக்கும்" என்று பிஜு ஜிஷாவின் மறுபக்கம் உட்கார்ந்தான். "கணக்குப் பரீட்சைப் பேய்."

கூட்டம் சிரிக்கவில்லை, பயந்தது. ஒரே வகுப்பில் மூன்று பேய் என்றதும் ஆசானுக்கு உற்சாகம். இருவருக்கும் அழுத்தினார், போர்த்தினார். ஆனால் மூன்று தலைகளில் சுமியின் தலை மட்டுமே ஆடியது.

"ஆட்டு மக்கா" என்றார் ஆசான்.

"ஆட்டுறேன். ஒரு சம்சயம். சொந்தக் கைதானே படக்கூடாது?" என்ற ஜிஷா, ஒரு கையைப் பிஜுவின் பட்டுக்குள்ளும் மற்றதைச் சுமியின் பட்டுக்குள்ளும் விட்டாள். "சுமி, ஆட்டாதே. இங்க காசே இல்ல."

மூன்று பட்டுகளையும் இழுத்தாள். மூன்று நெற்றிகளிலும் சிவந்த வட்டத் தடம் மட்டும். அழுத்திய தடம்தான் காசு ஒட்டியிருப்பதுபோல உறுத்திக்கொண்டிருந்தது.

"ஆசானே, அந்தக் கைய ஒண்ணு விரிங்க" என்றான் பிஜு. ஆசான் விரிக்காமல் கையை மடியில் செருகப் பார்த்தார், காசுகள் நழுவி விழுந்தன. ஒரு பேயும் போகாமல் மூன்று காசு விழுந்தது அன்றுதான்.

ராஜதாஸ் தரையையே பார்த்தார். "அப்போ எம் பிள்ளைக்கு என்னதான்?"

"அவகிட்ட கேளுங்க மாமா" என்றாள் ஜிஷா. "இவ்வளவு நாளும் ஆசான்கிட்டல்லா கேட்டிய."

அவர் கேட்டார். சுமி ஜிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உறக்கம் வரல்ல அப்பா. எழும்பவே பேடியா, பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போணும். இவளும் கூட வரட்டு."

நால்வரும் பஸ் ஏறினார்கள். கூட்டத்தில் ஒருவர், எலுமிச்சம்பழத்தில் பேய் அடைக்கிறவர் காட்டாக்கடைப் பக்கம் உண்டாமே என்று என்னிடம் வழி கேட்டார். சொன்னேன். நெற்றிக்கு வெளியே இருப்பதாகச் சொல்வதையெல்லாம் நம்புகிறவர்கள், உள்ளே இருக்கும் புத்தியை மட்டும் ஏன் இப்படிச் சந்தேகிக்கிறார்களோ தெரியவில்லை. அதை ஒருமுறை எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்தக் கை பட்டாலும் தடையில்லை.