கேபிள் அண்ணனும் ஐந்து மச்சான்களும்

குருணிலிருந்து சுங்கைப் பட்டாணி வரைக்கும் உள்ள எல்லாத் தொழிற்சாலைகளையும் சலித்துப் பார்த்தாலும், ஒரு இயந்திரத்தின் மேல் கோபித்துக்கொண்டு மூன்று நாள் அதோடு பேசாமல் இருந்த மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் கேபிள் அண்ணன். நாலாவது நாள் காலை அந்த இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கியது. "பாத்தியா, அதுக்கே மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஒல்லி, நெட்டை, நல்ல கறுப்பு. எங்கே உட்கார்ந்தாலும் சுருள் சுருளாகச் சுருண்டுகொள்வார். பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். கெடா மாநிலத்தின் மத்தியான வெயிலிலும் தடித்த குளிர்ச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிவார். அதற்குக் கருவிகளும் வயர்களும் போட்டுக்கொள்ளப் பதினோரு பைகள். காரணம் அதுதான்.

அந்தத் தொழிற்சாலை கையுறை செய்தது. நான் அதன் கிடங்கு ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். கிடங்கு என்றால் பெட்டி அடுக்கிய கொட்டகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு மாடி உயரத்துக்கு இரும்பு அடுக்குகள். நடுவே ஐந்து சந்துகள். ஒவ்வொரு சந்திலும் தரையில் ஒரு தண்டவாளம், அதன் மேல் கூரையை முட்டிக்கொண்டு ஒரு கிரேன். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் கிரேன் ஓடிப்போய் எந்த உயரத்தில் இருந்தாலும் அந்தச் சரக்கை எடுத்துவந்து வாசலில் வைத்துவிடும். உள்ளே ஆள் கிடையாது. அவசரத்துக்கு நுழைய ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கம்பிக் கதவு உண்டு. அதைத் திறந்தால் கிரேன் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அதுதான் சட்டம்.

எல்லாம் நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே வெளிநாட்டிலிருந்து வந்து பூட்டியவை. செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது. உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் இல்லை என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. அதனால் எங்களுக்குக் கேபிள் அண்ணன் இருந்தார்.

அவர் மனைவிக்கு உடன்பிறந்த ஆண்கள் ஐந்து பேர். கிரேன்களும் ஐந்து. குணத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மச்சான் பெயரை வைத்துவிட்டார். முதலாவது சாது. இரண்டாவது சாப்பிட்டால் தூங்கிவிடும். மூன்றாவது முன்கோபி. ஒருமுறை சுங்கைப் பட்டாணிக் கோயில் அன்னதான வரிசையில் நின்றபோது தொலைபேசி வந்தது. அண்ணன் நிதானமாகப் பேசினார். "மூணாவது மச்சானுக்கு மூச்சு நின்னு போச்சா? சரி, கரண்ட கட் பண்ணி அப்படியே வுடு. நான் சாப்டுட்டு வரேன்."

முன்னால் நின்ற அம்மாள் திரும்பி அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அவர் மனைவிக்கு இது பழக்கம். "அது ஒண்ணும் இல்லக்கா, சாயங்காலம் எழுந்துரும்" என்றாள். அந்த அம்மாள் கையை விட்டுவிட்டு வரிசையை விட்டே போய்விட்டாள்.

தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்துச் சத்தம் கேட்பது இன்னொரு பழக்கம். புதிதாகச் சேர்ந்த மலாய் காவலாளி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஏதோ விபரீதம் என்று ஓடிவந்து, "ஜாங்ஙான் பாக்சிக்", வேண்டாம் பெரியவரே என்று மலாயில் கத்தி, காலைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் இழுபட்டபடியே மல்லாந்து கிடந்து, "பேரிங்லா, பேரிங்" என்று விளக்கிக்கொண்டே வந்தாராம்.

பழுதுச் சீட்டு எழுதுவதிலும் தனி வழி. கிரேன் எண், பழுது, செய்த வேலை என்று மூன்று கட்டம் அச்சிட்டிருக்கும். அண்ணன் மூன்றையும் கடந்து குறுக்கே எழுதுவார். "ரெண்டாவது மச்சான் மேல போயி எறங்க மாட்டேன்னான். திட்டினேன். எறங்கினான்." இந்தச் சீட்டுகளைப் பெற்று, கையெழுத்துப் போட்டு, கோப்பில் குத்தி வைப்பது என் வேலை.

ஒருநாள் மூன்றாவது சந்தின் கதவு ஸ்விட்ச் செத்துப்போனது. கதவு மூடியிருந்தாலும் திறந்திருப்பதாகவே கிரேன் நினைத்தது. ஓட மறுத்தது. அந்த ஸ்விட்ச் எங்கேயும் கிடைக்கவில்லை. கப்பலுக்குச் சரக்குப் போக வேண்டிய வாரம். மேனேஜர் வந்து அந்தச் சந்தின் மின்சாரப் பேனலுக்கு முன்னால் நின்றார். அவர் சீனர், கெட்டவர் இல்லை, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். "எப்படியாவது ஓட்டு" என்று மலாயில் சொன்னார். அண்ணன் பையிலிருந்து விரல் நீள வயர் ஒன்றை எடுத்து, பேனலுக்குள் வந்து சேரும் ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் இணைத்தார். இனி கதவு திறந்தாலும் மூடினாலும் கிரேனுக்குத் தெரியாது.

"ரெண்டு நாளைக்குத்தான்" என்றார்.

ரெண்டு நாள் ஏழு மாதம் ஆயிற்று. இடையில் அண்ணன் மூன்று சீட்டு எழுதினார். அவற்றில் மட்டும் வேடிக்கை இல்லை. "மூணாவது கதவுல வயர் இருக்கு. ஸ்விட்ச் வேணும்." மூன்றையும் மேனேஜரிடம் காட்டினேன். அவர் தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் குத்தினேன். பிறகு நானும் மறந்துபோனேன்.

குமரன் கோலா கெத்திலிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிடங்கு வேலைக்கு வருகிறவன். முப்பது வயதுக்காரன், கலகலப்பானவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாவது சந்தில் பெட்டி ஒன்று கீழே விழுந்து கிடந்தது. குமரன் கதவைத் திறந்து எடுக்கப் போனான். கதவு திறந்தால் கிரேன் நிற்கும் என்று எல்லோரையும்போல அவனும் நம்பினான். கிரேன் நிற்கவில்லை.

நான் ஆபீசிலிருந்து கேட்டது ஒரே ஒரு சத்தம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆம்புலன்ஸ் போனபின் மேனேஜர் கேபிள் அண்ணனிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் வருவதற்குள் அந்த வயரை எடுத்துவிடு" என்றார். அண்ணன் பேனல் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டாமல் பேனலை யாரும் திறக்க முடியாது. மத்தியானம் அதிகாரிகள் வரும்வரை அப்படியே இருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

அதிகாரி வந்து, பராமரிப்பாளர் பெயரைப் பட்டியலிலிருந்து படித்தார். யாரும் அசையவில்லை. மறுபடியும் படித்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தபோது அண்ணன் எழுந்தார். "நான்தான்" என்றார். பேனலைத் திறந்து வயரைக் காட்டினார். "இது நான் போட்டது." அவருடைய சொந்தப் பெயரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அதன்பிறகும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

குமரனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணனோடு நானும் போனேன். மைலோ டின் ஒன்றையும் நாலு ஆப்பிளையும் தூக்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார். நலம் விசாரிக்கவில்லை.

"கொமரா, அந்த வயரு நான் போட்டதுடா."

குமரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "தெரியும்ணே. நீங்க போடறப்ப டார்ச்லைட்டு புடிச்சது நான்தானே."

"அப்பறம் ஏன்டா உள்ள போன?"

"மறந்துட்டேன்ணே. ஏழு மாசம் ஆச்சுல்ல."

 குமரனின் மனைவி லெட்சுமி அண்ணன் கையிலிருந்த பையைப் பிடுங்கி, ஒரு ஆப்பிளை எடுத்து, கோபம் கோபமாக நறுக்கினாள். ஒரு துண்டைக் குமரன் வாயில் திணித்தாள். இன்னொரு துண்டை அண்ணனிடம் நீட்டினாள். "தின்னுங்க. ரெண்டு பேரும் நல்லா மறந்தீங்க." அண்ணன் அதைத் தின்றார். அப்படிக் கஷ்டப்பட்டு ஆப்பிள் தின்ற ஒருவரை நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மேலிடம் ஒரு முடிவுக்கு வந்தது. கிடங்கு முழுவதையும் பிரித்து இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, பினாங்கு பக்கம் புதிதாகக் கட்டுவது. எங்கள் வேலை எல்லாம் போகும். குமரனுக்குக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடங்கு இல்லையென்றால் அந்த நாற்காலியும் இல்லை. கேன்டீனில் எல்லோரையும் கூட்டி மேனேஜர் இதை அறிவித்தார். "இந்தக் கிரேன்களை இனி நம்ப முடியாது" என்றார்.

கேபிள் அண்ணன் எழுந்தார்.

"இரும்பு நல்லா இருக்கு பாஸ். தண்டவாளம் நல்லா இருக்கு. கெட்டுப்போனது மூளையும் நரம்பும்தான். மோட்டார், பேனல், வயரு, சென்சார், கதவு, இத மட்டும் புதுசா போடுங்க. ஒரு சந்த நிறுத்துங்க, மத்த நாலும் ஓடட்டும். அது முடிஞ்சதும் அடுத்தது. காது கேக்கலன்னு ஆளையே பொதைச்சிருவீங்களா?"

"உன் பேச்சைக் கேட்டு இன்னொரு வயர் போடச் சொல்கிறாயா?" என்றார் மேனேஜர்.

 அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது சரி என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அதை அவர் சொன்னதுதான் கோளாறு.

மறுவாரம் பினாங்கிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். மலாய்ப் பெண், கெட்டிக்காரி. பிரிப்பதற்கு முன் பழைய பழுதுச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாம் தமிழில் இருந்தன. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். அரசாங்க மொழியான மலாயில் நான் படித்தேன். "இரண்டாவது மைத்துனர் மேலே போனார். இறங்க மறுத்தார். திட்டப்பட்டார். இறங்கினார்." அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாலாவது மைத்துனருக்குக் கண் தெரியவில்லை. துடைத்துவிட்டேன். இப்போது பார்க்கிறார்." அது சென்சார் என்று விளக்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதவு ஸ்விட்ச் சீட்டுகள் மூன்றும் வந்தபோது தேதியையும் சேர்த்துப் படித்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் படித்தோம். கடைசியில் அவர் கேட்டார். "இத்தனை வருஷத்தில் தூண் வளைந்தது, அடுக்கு சாய்ந்தது, தண்டவாளம் விரிந்தது என்று ஒரு சீட்டாவது உண்டா?"

ஒன்றுகூட இல்லை.

அதன்பின் அவரே கருவிகளோடு மேலே ஏறி, தூண் தூணாக அளந்து பார்த்தார். அறிக்கையும் எழுதினார். கேன்டீனில் கேபிள் அண்ணன் சொன்னதுதான் அது. நல்ல ஆங்கிலத்தில், படங்களோடு இருந்தது. மேலிடம் ஒத்துக்கொண்டது.

அண்ணன் இனி மின்சார வேலை எதையும் தொடக்கூடாது என்று விசாரணையில் உத்தரவாகியிருந்தது. கம்பெனி அவரைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றியது. துடைப்பத்தோடு வந்தார். எந்த இணைப்பில் தண்டவாளம் அதிரும், எந்த அடுக்கில் மழைநீர் சொட்டும் என்று எஞ்சினியர் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். சந்து வாசலில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று துடைப்பக் கட்டையால் காட்டுவார். உள்ளே ஒரு அடி வைக்கமாட்டார். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மூன்றாவது சந்தை முதலில் செய்யுங்கள். புதுத் திரையில் கிரேன்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டி வந்தபோது, எஞ்சினியர் யாரையும் கேட்காமல் 'மச்சான் 1' என்று அடிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது சந்து முடிந்த காலை, புதுக் கதவை எஞ்சினியர் கருவி வைத்துச் சோதித்துச் சரி என்றார். கேபிள் அண்ணன், "நீங்க பாத்தது சரிம்மா. அவன் தொறக்கட்டும்" என்றார். குமரன் செயற்கைக் காலோடும் கைத்தடியோடும் வந்திருந்தான். கிரேன் சந்தின் கோடியிலிருந்து முழு வேகத்தில் கிளம்பியது. குமரன் கதவைத் திறந்தான். கிரேன் வெகுதூரத்திலேயே நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மூடினான். கிளம்பியது. திறந்தான். நின்றது. ஏழு முறை. ஒவ்வொரு முறையும் அண்ணனின் உடம்பு ஒரு உதறு உதறியது.

"போதுமாண்ணே?" என்றான் குமரன்.

"எனக்கு எத்தன தடவயும் போதாதுடா. நீ போயி ஒக்காரு."

ஐந்தாவது சந்தும் முடிந்த மறுநாள் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். போகவேண்டாம் என்று மேனேஜரே சொன்னார். கேட்கவில்லை. குமரன் இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறோம். அண்ணன் மட்டும் அந்தச் சாலையிலேயே வருவதில்லை. சுங்கைப் பட்டாணி பாசாரில் மனைவியோடு காய்கறி விற்கிறார். தராசை ஐந்து தடவை சரிபார்த்த பிறகுதான் ஒரு கத்தரிக்காயை நிறுப்பார். வாங்குகிறவர்கள் திட்டுகிறார்கள்.

போன தைப்பூசம் கழிந்து என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். நான் வீட்டுக்கு ஒற்றைப் பெண், கூடப் பிறந்தவர்கள் இல்லை. பாசாருக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன்.

"வேணாம்மா. பிள்ளய புடிக்கிற கையா இது? வேற யாரையாவது பாரு" என்றார்.

"ஒங்களத்தாண்ணே பாத்திருக்கேன். ஞாயித்துக்கெழம ஒம்பது மணி, கோயில்ல."

எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. ஊசியைக் கண்டதும் குழந்தை வீறிட்டாள். அண்ணன் அவள் கண்ணைத் தன் கையால் மறைத்துக்கொண்டு, "மெல்ல குத்துங்க, மெல்ல" என்று ஆசாரியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.