ஆயுசுக்கும் ஒரே ஃபில்டர்

சிக்கனக்காரர்களில் இரண்டு வகை உண்டு. செலவே செய்யாதவர்கள் முதல் வகை. அவர்களால் ஊருக்குப் பெரிய தொந்தரவில்லை. மிச்சம் பிடிப்பதற்காகச் செலவு செய்கிறவர்கள் இரண்டாவது வகை. "ஒரு தடவ வாங்கிட்டா ஆயுசுக்கும் கவலயில்ல" என்று யாராவது சொல்லக் கேட்டால், அது அந்த இனம்தான் என்று கண்டுகொள்ளுங்கள். இவர்கள் இல்லாத ஊர் கிடையாது. 2004ஆம் ஆண்டளவில் இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாகலிங்கம் இருந்தார்.

மரப்பாலை ரப்பர் ஷீட்டாக்குகிற தோட்டத்து ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்ததால் ஆட்கள் அவரை 'ஸ்டோர் ஐயா' என்பார்கள். செத்துப்போன டோர்ச் பெட்டரியை வெயிலில் காயப்போட்டு எழுப்பப் பார்த்தவர், சவர பிளேடைக் கண்ணாடிக் கிளாஸின் உள்ளே தேய்த்துத் தேய்த்து தீபாவளியிலிருந்து பொங்கல்வரை ஒரே பிளேடால் முகத்தைக் கீறிக்கொண்டவர், இதற்கெல்லாம் மேலாக இருபத்தைந்து வயதான ஜப்பான் கார் ஒன்றுக்குச் சொந்தக்காரர். அந்தக் கார் ஓடியது கொஞ்சம். துடைக்கப்பட்டது அதிகம். இத்தனையையும் அவருடைய மனைவி அழகம்மா பொறுத்துக்கொண்டாள். கீறிய முகம் அவருடையதுதானே?

எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது பழைய ஃபில்டரை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவது உலக வழக்கம். நாகலிங்கத்துக்கு அது வயிற்றெரிச்சல். எறிகிற ஒவ்வொரு ஃபில்டரையும் பிள்ளையை இடுகாட்டுக்குக் கொண்டுபோகிற முகத்தோடுதான் எறிவார். அப்படியிருக்கும்போது, கழுவிக் கழுவித் திரும்பப் போடக்கூடிய ஃபில்டர் ஒன்று வந்திருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டார். கேட்கவா வேண்டும்? டுபாயில் வேலை செய்த மைத்துனன் யோகராஜுக்கு நாலு கடிதம், எட்டு டெலிபோன். ஆறாம் மாதம் பளபளவென்று ஒரு இரும்பு டப்பா வந்து சேர்ந்தது. திருகித் திறந்தால் உள்ளே மெல்லிய எவர்சில்வர் வலை.

அதைத் தூக்கிக்கொண்டு டவுனில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த மர்சூக்கிடம் போனார். வாங்கிய பிறகு அபிப்பிராயம் கேட்பது இந்த இனத்தின் வழக்கம்.

மர்சூக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்தான் ஐயா. ஓயாம ஓடுற லொறிக்கு, கழுவத் தெரிஞ்சவன்ட கைல இருந்தா சரி வரும். ஆனா இந்தச் சல்லிக்கு இருபத்தஞ்சு கடதாசி ஃபில்டர் வாங்கலாமே! வருஷத்துக்கு ஒண்ணு மாத்தினாலும், போட்ட காசு திரும்பி வாற நேரம் ஒங்கட காருக்கு அம்பது வயசு."

"அம்பது வயசுல நான் ஓடல்லயா?" என்றார் நாகலிங்கம். "எங்க ஸ்டோர்ல ரப்பர் பால் வடிகட்டுற வல இருக்கே, எத்தன வருஷமா கழுவிக் கழுவிப் பாவிக்கிறோம்? எனக்குப் போய் வல கழுவச் சொல்லித் தர்றீங்களா?"

மர்சூக் தேநீர் வரவழைத்தார். வேறென்ன செய்ய முடியும்?

கழுவும் சடங்கு அழகம்மாவின் குசினியில் நடந்தது. எண்ணெய் மாற்றுகிற காலம் வரும்வரை இந்த இனத்துக்குப் பொறுக்குமா? மாதத்துக்கு ஒருதரம் கழற்றி, அவள் அரிசி களையும் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, மகள் கோகிலாவின் பழைய பல்தூரிகையால் தேய்த்து, வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, "ஆஹா" என்பார். நாலாவது மாதம் ரசத்தில் மண்ணெண்ணெய் மணத்தது. அழகம்மா பேசினைத் தூக்கி வாசலில் எறிந்தாள்.

"இனிமே இது என் அடுப்பங்கரைக்குள்ள வந்திச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

"சரிதாம்மா, எனக்கா எடமில்ல?" என்று அவர் ஃபில்டரோடு ஸ்டோருக்கு நடந்தார்.

அந்த வாரம்தான் கோகிலாவுக்குக் கேகாலையில் நேர்முகப் பரீட்சை. ஆசிரியர் நியமனம், காலை ஒன்பது மணிக்கு நிற்கவேண்டும். இரண்டு வருஷம் காத்திருந்து வந்த கடிதம். விடியற்காலை பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் அழகம்மா. காரை வீட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸா? நாகலிங்கம் சிரித்தார். மகள் போகிற வண்டி சுத்தமாக இருக்கவேண்டும் என்று முந்தின நாள் புது எண்ணெய் வாங்கினார். ஃபில்டரை, பால் வலைகளை அலசுகிற தொட்டியிலேயே, வெள்ளையாகக் கலங்கியிருந்த தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். சீக்கிரம் காயட்டும் என்று புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். தண்ணீர் காய்ந்தது. வலையின் கண்களில் ஒட்டிய பால் ரப்பராகியது. முப்பது வருஷம் ரப்பர் செய்த மனிதருக்கு, தான் ரப்பர் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை!

விடியுமுன் இருட்டிலேயே அதைக் காரில் பூட்டி, காலையில் புறப்பட்டார்கள். சூடான எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பி, பிய்ந்து பிய்ந்து எஞ்சினுக்குள் போனது யாருக்குத் தெரியும்? ருவன்வெல்லையைத் தாண்டியதும் சிவப்பு லைட் எரிந்தது.

"அப்பா, லைட் எரியுது."

"அது பழைய லைட்டும்மா. சும்மா எரியும்."

அடுத்த மேட்டில் எஞ்சின் கடகடவென்று இடித்து, ஒரு முனகலோடு இறுகி நின்றது. ஏழே முக்கால். கோகிலா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிக் கையை நீட்டினாள். இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவது பஸ்ஸில் கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி அவளை மிதிபலகையில் ஏற்றிக்கொண்டான். கேகாலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. பெயரை மூன்று தரம் கூப்பிட்டாகிவிட்டதாம். அடுத்த தடவை வரச் சொன்னார்கள். அந்த அடுத்த தடவை வருவதற்கு மூன்று வருஷம் பிடித்தது.

பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்ல ஆளில்லாமல் போன அந்த நிமிஷத்தை நினைத்து அழகம்மா பலநாள் அழுதாள். குசினியிலேயே கழுவ விட்டிருக்கலாமே, ரசம் மணத்தால் மணத்துவிட்டுப் போகட்டுமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இந்த இனத்தோடு வாழ்கிறவர்களுக்கு இது ஒரு சாபம். பிழையை அவர்கள் செய்வார்கள், குற்றவுணர்ச்சியை நீங்கள் சுமப்பீர்கள்.

கராஜில் எஞ்சினைப் பிரித்தபோது மர்சூக்கும் வந்து எட்டிப் பார்த்தார். கம்பியால் இழுக்க இழுக்க ரப்பர் வந்தது.

"எல்லாரும் மரத்துல பால் எடுக்கிறாங்க. நீங்க எஞ்சின்ல எடுத்தீக்கிறீங்க ஐயா."

நாகலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபில்டரைக் கழற்றி, ரப்பரை உரித்துப்போட்டு, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"பாத்தீங்களா? எஞ்சினே போயிருச்சு, இதுக்கு ஒரு கீறல் விழல்ல! நான் சொன்னேனா இல்லயா?"

காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஃபில்டர் மட்டும் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்குப் பொருத்தமான கார் ஒன்றை இப்போது அவர் தேடுகிறார்.

சிரித்தீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வாசித்துக்கொண்டு வரும்போது, 'பிழை ஃபில்டரில் இல்லையே, கழுவிய முறையில்தானே? நானாக இருந்தால் மண்ணெண்ணெயிலேயே அலசி, வெயிலில் வைத்து...' என்று உங்கள் மனசு ஒரு தரமாவது சொன்னதா?

சொன்னதென்றால், தயவுசெய்து வீட்டில் இருப்பவர்களைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.